நாளுக்கு எத்தனை நொடி?

ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் ஒன்று நாளுக்குப் பத்து நொடி முந்தி ஓடுகிறது என்றால், அது 8,640 நொடிக்கு ஒன்று கூடுதலாக எண்ணுகிறது என்று பொருள். 8,640 ரூபாய் எண்ணி ஒரே ஒரு ரூபாய் பிசகும் காசாளரின் கையை யாரும் குறை சொல்லமாட்டார்கள். (அந்த ஒரு ரூபாயை அவர் தன் பையிலிருந்து போட வேண்டியிருக்கும் என்பது வேறு விஷயம்.) மின்கலம் இல்லை, மின்சுற்று இல்லை, சுருட்டிய எஃகுப் பட்டை ஒன்று தளர்வதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு சின்னஞ்சிறு இயந்திரம் இந்த அளவுக்குச் சரியாக எண்ணுகிறது. ஆனாலும் பத்து நாளில் அந்தப் பத்து நொடி ஒன்றரை நிமிடத்தைத் தாண்டிவிடும். அதனால் இயந்திரக் கடிகாரம் வைத்திருப்பவர் அதன் நடையை அவ்வப்போது கவனித்துவர வேண்டும். கையில் கட்டாத நாட்களில் அதை எப்படி வைக்கிறோம் என்பதிலும் கொஞ்சம் கவனம் வேண்டும்.

இதில் இரண்டு சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இந்த நிமிடத்தில் கடிகாரம் சரியான நேரத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பது பிழை. அந்த விலகல் ஒரு நாளில் எவ்வளவு மாறுகிறது என்பது நாள்விகிதம். கடிகாரக்காரர்கள் ‘ரேட்’ என்பது இதைத்தான். பிழையைப் போக்க முள்ளைத் திருப்பினால் போதும். நாள்விகிதம் அந்த இயந்திரத்தின் குணம். முள்ளைத் திருப்பி அதை மாற்ற முடியாது.

இந்த வேறுபாட்டை உலகுக்கு உணர்த்தியவர்கள் மாலுமிகள். நடுக்கடலில் கிழக்கு மேற்காக எங்கே இருக்கிறோம் என்று அறிய, புறப்பட்ட துறைமுகத்தின் நேரம் கையில் இருக்க வேண்டும். நான்கு நிமிட வித்தியாசம் ஒரு பாகைத் தீர்க்கரேகைக்குச் சமம். ஜான் ஹாரிசன் செய்த எச்4 என்ற கடிகாரம் 1761 நவம்பரில் இங்கிலாந்திலிருந்து டெப்ட்ஃபோர்ட் என்ற கப்பலில் ஜமைக்காவுக்குப் பயணமானது. 81 நாளில் அது காட்டிய பிழை ஐந்து நொடி சொச்சம்தான் என்று பாடப்புத்தகங்கள் வியப்போடு சொல்லும். அவை பெரும்பாலும் விட்டுவிடும் செய்தி ஒன்று உண்டு. எச்4 நாளுக்கு ஏறத்தாழ 2⅔ நொடி பின்தங்கும் என்று புறப்படும் முன்பே கணக்கிட்டிருந்தார்கள். அதைக் கழித்த பிறகு மிஞ்சியதுதான் அந்த ஐந்து நொடி. அதாவது அந்தக் கடிகாரம் கெட்டிக்காரக் கடிகாரம் ஆனது, பின்தங்காமல் ஓடியதால் அல்ல. ஒவ்வொரு நாளும் ஒரே அளவாகப் பின்தங்கியதால்.

அதன் பிறகு நூறாண்டுக்கும் மேலாகக் கப்பல்களில் இதுவே நடைமுறை. கடலில் கடிகாரத்தின் முள்ளைத் தொடமாட்டார்கள். அதன் பிழையை ஏட்டில் எழுதி, கணக்கில் மட்டும் திருத்திக்கொள்வார்கள். தேம்ஸ் ஆற்றில் நின்ற கப்பல்கள் தங்கள் கடிகாரத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே 1833 முதல் கிரீனிச் வானாய்வுக் கூடத்தின் உச்சியில் தினமும் பகல் ஒரு மணிக்கு ஒரு பெரிய பந்து கீழே விழுந்தது. டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலில் இருந்த கடிகாரங்கள் 22. ஒன்று தடம் மாறினால் மற்றவை காட்டிக்கொடுக்கும் என்பதுதான் கணக்கு.

கைக்கடிகாரத்துக்குள் நடப்பது என்ன? சாவி கொடுக்கும்போது மெயின் ஸ்பிரிங் என்ற நீண்ட எஃகுப் பட்டை இறுகச் சுருள்கிறது. அது தளரும்போது பற்சக்கரங்களைத் தள்ளுகிறது. அப்படியே விட்டால் சக்கரங்கள் சில நொடிகளில் விர்ரென்று சுழன்று நின்றுவிடும். அவற்றைத் தடுத்துத் தடுத்து, ஒவ்வொரு பல்லாக விடுவது எஸ்கேப்மென்ட் என்ற பூட்டு. எப்போது விட வேண்டும் என்று அதற்குச் சொல்வது பேலன்ஸ் வீல்: முடியளவு மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் பிடியில் முன்னும் பின்னும் ஊசலாடும் சிறு சக்கரம். ஊஞ்சல் பெரிதாக ஆடினாலும் சிறிதாக ஆடினாலும் ஒரு வீச்சுக்கு ஆகும் நேரம் ஏறக்குறைய ஒன்றே என்பதை நம்பித்தான் மொத்த இயந்திரமும் ஓடுகிறது. சுருள்வில்லையும் சக்கரத்தையும் இணைக்கும் இந்த ஏற்பாட்டை டச்சு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் 1675இல் வெளியிட்டார். லண்டனில் ராபர்ட் ஹூக் அது தன் யோசனை என்று சண்டைக்கு வந்தார்.

நம் வீடுகளுக்குப் பழக்கமான எச்எம்டி ஜனதாவையே எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு எச்எம்டி 1961இல் பெங்களூரில் கடிகாரப் பிரிவைத் தொடங்கியது. முதல் சம்பளத்தில் வாங்கியது, மாப்பிள்ளைக்குப் போட்டது, ஓய்வுபெறும் நாளில் மாலையோடு வந்தது என்று இரண்டு தலைமுறையின் மணிக்கட்டுகளில் அந்தக் கடிகாரங்கள் இருந்தன. 17 கல் பதித்த ஜனதாவின் பேலன்ஸ் மணிக்கு 18,000 முறை துடிக்கிறது. நொடிக்கு ஐந்து டிக். ஒரு நாளைக்கு 4,32,000. இது நாளுக்கு ஏழு நொடி முந்துகிறது என்றால், நான்கு லட்சத்துச் சொச்சம் துடிப்பில் 35 துடிப்பு அதிகம். இன்றைய சுவிஸ் கடிகாரங்கள் பல மணிக்கு 28,800 முறை துடிக்கின்றன. துடிப்பு வேகம் கூடினால் கையின் அசைவும் சிறு அதிர்ச்சிகளும் அதைக் கலைப்பது குறையும். ஆனால் ஐந்து டிக்கில் ஓடும் கடிகாரத்தையும் நன்றாகச் சரிசெய்து வைத்திருந்தால் அது அவற்றுக்குச் சளைத்ததல்ல.

நாள்விகிதம் ஏன் நாளுக்கு நாள் மாறுகிறது என்பதற்கு முதல் காரணம் சாவி. முழுதாகச் சாவி கொடுத்ததும் பேலன்ஸ் வீல் அகலமாக வீசுகிறது. ஸ்பிரிங் தளரத் தளர வீச்சு சுருங்குகிறது. வீச்சு எப்படியிருந்தாலும் நேரம் ஒன்றே என்பது ஏட்டில் உண்மை. உலோகத்தில் முக்கால் உண்மைதான். எனவே காலையில் ஒரு நடை, மறுநாள் மாலையில் ஒரு நடை. பழைய தலைமுறை தினமும் பல் துலக்கியதும் சாவி கொடுத்த பழக்கத்தில் ஒரு பொறியியல் இருந்தது: ஒவ்வொரு நாளும் ஸ்பிரிங்கின் அதே பகுதியே வேலை செய்தது. இரண்டு நாளைக்கு ஒருமுறை, நினைவு வரும்போது, நின்ற பிறகு என்று சாவி கொடுத்தால் எந்தக் கடிகாரமும் ஒழுங்காக நடக்காது.

இரண்டாவது, கடிகாரம் கிடக்கும் நிலை. இது சுவாரசியமானது. டயல் மேலே பார்க்கக் கடிகாரம் படுத்திருக்கும்போது, பேலன்ஸின் அச்சு பம்பரம்போலத் தன் முனையில் மட்டும் நிற்கிறது. உராய்வு மிகக் குறைவு. கடிகாரத்தை நிமிர்த்தி நிறுத்தினால் அச்சு தன் பக்கவாட்டில் உராய்ந்து சுழல வேண்டும், வீச்சு குறைகிறது. அதோடு, சக்கரத்தின் விளிம்பில் எங்காவது மிகச் சிறு கனம் கூடியிருந்தால், படுத்திருக்கும்போது அது தெரியாது; நிற்கும்போது புவியீர்ப்பு அதைக் கீழே இழுத்து நடையை மாற்றும். இடக்கையில் கட்டியவர் கையைத் தொங்கவிட்டு நடக்கும்போது சாவிக்குமிழ் தரையை நோக்கும். மேசையில் கை ஊன்றி எழுதும்போது டயல் மேலே. அலுவலக நாளும் ஞாயிற்றுக்கிழமையும் ஒரே கடிகாரத்தில் வேறு வேறு கணக்குக் காட்டுவது இதனால்தான்.

வெப்பநிலை முன்பு பெரிய பகைவன். வெயிலில் எஃகு ஹேர் ஸ்பிரிங் நெகிழ்ந்து கடிகாரம் பின்தங்கும். வெப்பத்துக்கு அசையாத நிக்கல் எஃகுக் கலவைகளைக் கண்டறிந்த சார்லஸ் எட்வார்ட் கியோம் அதற்காக 1920இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றார். அவர் வழியில் வந்த கலவைகளால் இன்று சித்திரை வெயிலும் குளிர்சாதன அறையும் சில நொடி வித்தியாசத்துக்குமேல் தருவதில்லை.

இன்றைய பகைவன் காந்தம். ஹேர் ஸ்பிரிங்கின் சுற்றுகள் காந்தமேறி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் அதன் நீளம் குறைந்தது போலாகிவிடும். குட்டையான ஸ்பிரிங் வேகமாகத் துடிக்கும். நேற்றுவரை நாளுக்கு ஐந்து நொடி முந்திய கடிகாரம் இன்று திடீரென்று நிமிடக்கணக்கில் முந்தினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இதைத்தான். கைபேசியின் ஒலிபெருக்கி, மடிக்கணினியின் மூடி, கைப்பையின் காந்தக் கொக்கி, ஃபிரிட்ஜ் கதவு, ஸ்பீக்கர் பெட்டி என்று காந்தம் இல்லாத இடமே வீட்டில் குறைவு. சோதிப்பது எளிது. ஒரு சாதாரணத் திசைகாட்டியை மேசையில் வைத்து, கடிகாரத்தை அருகே மெல்ல நகர்த்தினால், காந்தமேறியிருந்தால் ஊசி துள்ளும். காந்தம் நீக்கும் சிறு கருவி பெரும்பாலான கடிகாரப் பழுதுக் கடைகளில் உண்டு. சில நொடி வேலை. இது தெரியாமல் கடிகாரத்தைப் பிரித்து எண்ணெய் போட்டு சர்வீஸ் செய்யக் காசு கொடுத்தவர்கள் ஏராளம்.

இனி, கணக்கு எழுதும் முறை. முதல் தேவை நம்பத்தக்க நேரம். இந்தியாவின் அதிகாரபூர்வ நேரத்தைக் காப்பது புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்கே அணுக்கடிகாரங்கள் ஓடுகின்றன. அந்த ஆய்வகத்தின் இணையப் பக்கம் நொடியோடு நேரத்தைக் காட்டும். இணையத்தோடு இணைந்த கைபேசியின் கடிகாரமும் இந்த வேலைக்குப் போதுமானது, நொடி தெரியும்படி வைத்துக்கொண்டால். (1906இல் இந்தியாவுக்குப் பொது நேரம் வருவதற்கு முன் இங்குள்ள ரயில்கள் பெரும்பாலும் பின்பற்றியது மெட்ராஸ் நேரம், நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்த வானாய்வுக் கூடத்தில் விண்மீன்களைப் பார்த்துக் கணித்தது.) ஒரு காலத்தில் ஆகாசவாணிச் செய்திக்கு முன் வரும் ‘பீப்’ ஒலிக்குக் கடிகாரத்தைத் திருத்தாத வீடில்லை. இன்று அந்த வழி சரிவராது. செயற்கைக்கோள் வழியாகவும் இணையம் வழியாகவும் வரும் ஒலிபரப்பு சில நொடி தாமதித்தே காதை எட்டுகிறது.

கடிகாரத்தின் நொடி முள் பன்னிரண்டைத் தொடும் கணத்தில் கைபேசியில் நொடி என்ன என்று பார்க்க வேண்டும். நிமிடம் மாறி நான்கு நொடி ஆன பிறகே முள் பன்னிரண்டைத் தொட்டால் கடிகாரம் நான்கு நொடி பின். நிமிடம் மாற நான்கு நொடி இருக்கும்போதே தொட்டுவிட்டால் நான்கு நொடி முன். முன் என்றால் கூட்டல், பின் என்றால் கழித்தல் என்று ஒரு நோட்டில் தேதி, நேரத்தோடு எழுதிக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்து ஒரே படமாக எடுத்துவிடுவது இன்னும் நல்லது. கண் பார்த்து மனம் குறிப்பதில் கால் நொடி, அரை நொடி தவறத்தான் செய்யும். கவலையில்லை. ஒரு நாளில் அளந்தால் அந்த அரை நொடி முழுப் பிழை. ஏழு நாள் இடைவெளியில் அளந்து ஏழால் வகுத்தால் அதே அரை நொடி நாளுக்கு 0.07 ஆகச் சுருங்கிவிடும். பொறுமைதான் இங்கே நுண்கருவி.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு முதல் கடிகாரம் +4. அடுத்த திங்கள் அதே நேரம் +53. ஏழு நாளில் 49 நொடி, நாளுக்கு ஏழு. நடுவில் தினமும் எழுதியிருந்தால் 6, 8, 7, 7, 6, 8, 7 என்று இருக்கும். இரண்டாவது கடிகாரம் அதே வாரத்தில் +15, −12, +9, −14, +10, −11, +10 என்று ஓடுகிறது. கூட்டிப் பார்த்தால் வாரத்துக்கு ஏழே நொடி. சராசரி நாளுக்கு ஒன்று. வாரக் கடைசியில் மட்டும் பார்ப்பவர் இரண்டாவதைத்தான் மெச்சுவார். கடிகாரம் தெரிந்தவர் முதலாவதை எடுத்துக்கொள்வார். ஏழு நொடி ஒழுங்காக முந்தும் கடிகாரத்தை ஒரு சிறு திருத்தத்தால் பூஜ்யத்துக்கு அருகே கொண்டுவந்துவிடலாம். தாறுமாறாக ஓடுவதைத் திருத்த வழியில்லை. அதைப் பிரித்துப் பார்த்துக் காரணம் தேட வேண்டும்.

தரச்சான்று தருபவர்களும் இதைத்தான் பார்க்கிறார்கள். சி.ஓ.எஸ்.சி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் சுவிட்சர்லாந்தின் குரோனோமீட்டர் சோதனை அமைப்பு 1973 முதல் இயங்குகிறது. இயந்திரங்களை 15 நாள், ஐந்து நிலைகளில், 8, 23, 38 பாகை செல்சியஸ் வெப்பத்தில் ஓடவிட்டு அளக்கிறார்கள். வழக்கமான அளவுள்ள இயந்திரத்துக்குச் சராசரி நாள்விகிதம் −4 முதல் +6 நொடிக்குள் இருக்க வேண்டும் என்பது எல்லோரும் மேற்கோள் காட்டும் விதி. நாளுக்கு நாள் மாறுபாடு சராசரியாக இரண்டு நொடியைத் தாண்டக்கூடாது என்ற இன்னொரு விதியும் உண்டு, கடினமானது அதுதான். இந்த எல்லை கழித்தலைவிடக் கூட்டலுக்கு அதிகம் இடம் தருவதற்கும் காரணம் உண்டு: முந்தும் கடிகாரம் ஆளை ரயிலுக்குச் சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்க்கும், பிந்தும் கடிகாரம் ரயிலைத் தவறவிடும்.

எச்எம்டி போன்ற பழைய கடிகாரத்திடம் இதே கண்டிப்பை எதிர்பார்ப்பது நியாயமல்ல. நாற்பது வயதான, சர்வீஸ் செய்யப்பட்ட கடிகாரம் நாளுக்கு இருபது நொடிக்குள் நின்றால் திருப்தி அடையலாம். மலிவான குவார்ட்ஸ் கடிகாரமே மாதத்துக்குப் பதினைந்து நொடிதான் பிசகும் என்பதை நினைத்தால், ஒசூரிலிருந்து குவார்ட்ஸ் கடிகாரங்கள் வரத்தொடங்கிய பிறகு சாவி கொடுக்கும் கடிகாரம் ஏன் வேகமாக ஒதுங்கியது என்பது புரியும். அந்த ஒசூர் ஆலை, 1984இல் டாடா குழுமமும் டிட்கோ எனப்படும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் சேர்ந்து தொடங்கிய டைட்டனுடையது. எச்எம்டி கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு 2016இல் முடிவு செய்தது. அதன் பிறகுதான் பழைய ஜனதாவையும் பைலட்டையும் தேடி வாங்குபவர்கள் பெருகினார்கள்.

கடையில் டைம்கிராஃபர் என்ற கருவி இருந்தால் ஒரு நிமிடத்தில் நாள்விகிதத்தைச் சொல்லிவிடும். கடிகாரத்தை ஒரு ஒலிவாங்கியின் மேல் பிடித்து, டிக் ஒலிகளின் இடைவெளியை அது அளக்கிறது. திரையில் மூன்று எண்கள். முதலாவது நாள்விகிதம். இரண்டாவது வீச்சு, பாகையில். முழுச் சாவியில், படுத்த நிலையில் 270 முதல் 310 வரை இருந்தால் ஆரோக்கியம். 200ஐ நெருங்கினால் எண்ணெய் வறண்டிருக்கிறது அல்லது அழுக்கு சேர்ந்திருக்கிறது. மூன்றாவது, ‘டிக்’குக்கும் ‘டாக்’குக்கும் உள்ள இடைவெளி வேறுபாடு, மில்லிநொடியில், ஒன்றுக்குக் கீழே இருந்தால் போதும். ஒலிவாங்கியை வைத்து இதே வேலையைச் செய்யும் கைபேசிச் செயலிகளும் உண்டு. அமைதியான அறையில் நாள்விகிதத்தை ஓரளவு சொல்லும், வீச்சை நம்ப முடியாது.

கருவி இருக்க நோட்டு எதற்கு? டைம்கிராஃபர் காட்டுவது ஒரு நிலையில், ஒரு நிமிடத்தில், அந்தச் சாவியளவில் உள்ள நடை. கடிகாரம் பேருந்துக் கம்பியைப் பிடித்து, சோறு பிசைந்து, தலையணை ஓரம் படுத்த நாளின் கணக்கு அதில் இல்லை. இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கருவியில் +2 காட்டும் கடிகாரம் கையில் −6 ஓடுவது சாதாரணம். நோட்டை எடுத்துப்போய்க் காட்டினால் கடிகாரக்காரர் பேலன்ஸுக்கு மேலுள்ள சிறு நெம்புகோலைக் கருவிக்காக அல்லாமல் அந்தக் கைக்காகத் திருப்பி வைப்பார். அந்த நெம்புகோலை மயிரிழை நகர்த்தினாலே நாளுக்குப் பல நொடி மாறும். வீட்டில் மூடியைத் திறந்து குண்டூசியால் முயன்று ஹேர் ஸ்பிரிங்கைக் கோணலாக்கியவர்களை எல்லாக் கடைக்காரர்களும் சந்தித்திருப்பார்கள்.

கடையேறாமலே செய்யக்கூடிய திருத்தம் ஒன்று உண்டு, அங்கிருந்துதான் சேமிப்பின் கதை தொடங்குகிறது. இரவில் கழற்றி வைக்கும் எட்டு மணி நேரம் கடிகாரம் எந்த நிலையில் கிடக்கிறது என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். ஒரு வாரம் டயல் மேலாகப் படுக்க வைத்துக் கணக்கெழுத வேண்டும். அடுத்த வாரம் சாவிக்குமிழ் மேலே பார்க்க நிறுத்தி. அதற்கடுத்த வாரம் குமிழ் கீழே பார்க்க. பகல் முழுக்க ஐந்து நொடி முந்தும் கடிகாரம், இரவில் ஏதாவது ஒரு நிலையில் மூன்று நான்கு நொடி இழக்கக்கூடும். எந்த நிலை என்று பொதுவிதி கிடையாது. ஒவ்வொரு கடிகாரத்துக்கும் ஒன்று. கண்டுபிடித்துவிட்டால் பகலில் சேர்த்ததை இரவில் செலவழித்து, வாரம் முழுக்க ஒன்றிரண்டு நொடிக்குள் நிற்க வைத்துவிடலாம். சுவிஸ் ஆலையின் சான்றிதழ் செய்யாததைத் தலைமாட்டில் இருக்கும் ஒரு தீப்பெட்டி செய்துவிடுகிறது, கடிகாரத்தைச் சாய்த்து நிறுத்த.

இரவில் வைக்கும் இடத்தைப் பற்றி இரண்டே செய்தி: கைபேசிக்கு மேலே வைக்கக்கூடாது, வைப்பதற்கு முன் மென்துணியால் வியர்வையைத் துடைக்க வேண்டும். வியர்வை உப்பு முதுகுமூடியின் விளிம்பையும் சாவிக்குமிழின் அடியையும் மெதுவாக அரிக்கும்.

சில நாள் கட்டாமல் வைத்தால்? சாவி தீர்ந்து தானே நிற்கும், நிற்கட்டும். கையால் சாவி கொடுக்கும் பழைய கடிகாரங்கள் ஒன்றரை நாள் அளவு ஓடும். புதியவற்றில் மூன்று நாள் ஓடுபவையும் உண்டு. நிற்பதால் இயந்திரத்துக்குக் கெடுதல் இல்லை. தளர்ந்த ஸ்பிரிங் ஓய்விலிருக்கும் ஸ்பிரிங். பழைய காலத்து விலங்கெண்ணெய், தாவர எண்ணெய்கள் கிடந்து கெட்டிப்பட்டதால் வாராவாரம் ஓடவிட வேண்டும் என்ற வழக்கம் வந்தது. இன்றைய செயற்கை எண்ணெய்களுக்கு அந்த அவசரம் இல்லை. மாதத்துக்கு ஒருமுறை சாவி கொடுத்து ஒரு நாள் ஓடவிடுவது நல்ல பழக்கம்தான். முக்கியமாக, ஏதாவது கோளாறு இருந்தால் அன்று தெரிந்துவிடும்.

கை அசைவில் தானே சாவியேறும் ஆட்டோமேட்டிக் கடிகாரங்களுக்காக, அவற்றை மெல்லச் சுழற்றிக்கொண்டே இருக்கும் வாட்ச் வைண்டர் பெட்டிகள் விற்கிறார்கள். கிழமை, மாதம், லீப் ஆண்டுவரை காட்டும் சிக்கலான நாட்காட்டிக் கடிகாரம் வைத்திருப்பவருக்கு அது உதவும்; நின்றுபோனால் அதைத் திரும்பச் சரிசெய்வது பெரும்பாடு. மற்றவர்களுக்கு அது அலமாரியில் ஆடும் அலங்காரம். கட்டாத நாட்களிலும் இயந்திரத்தை ஓட்டித் தேய்ப்பதற்குப் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை.

நீண்ட நாள் வைப்பதென்றால் நம் ஊரில் முதல் எதிரி ஈரம். கடலோர ஊர்களில் ஐப்பசி, கார்த்திகையில் பீரோவுக்குள் தோல் செருப்பு பூசணம் பிடிக்கும். தோல் வாரும் பிடிக்கும். ஈரம் இயந்திரத்துக்குள் நுழைந்தால் துரு ஹேர் ஸ்பிரிங்கையும் சாவிக்குமிழின் தண்டையும் தாக்கும். கண்ணாடிக்கு உள்ளே ஒருமுறை ஆவி படிந்தாலே கடைக்கு எடுத்துப்போக வேண்டும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைப்பது எளிய வழி. அந்தப் பைகளும் ஈரம் குடித்து நிறைந்துவிடும். மழைக்காலத்தில் மாற்றவோ சூடாக்கி உலர்த்தவோ வேண்டும். வியர்வை ஊறிய வாரோடு டப்பாவில் போட்டு மூடினால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டியதாகும்; முதலில் ஒரு நாள் நிழலில் ஆறவிட வேண்டும். நிறம் மங்கும் டயல்களுக்கு வெயிலும் ஆகாது.

டப்பாவுக்குள் கடிகாரங்கள் ஒன்றையொன்று உரசாமல் இருக்க ஆளுக்கொரு மென்துணி போதும். கடைப் பெட்டிகளில் வரும் நுரைப்பஞ்சு பல ஆண்டில் பிசுபிசுத்து, கடிகாரத்தின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். பூச்சி உருண்டை போட்ட பீரோவில் வைத்தால் தோல் வாரிலிருந்து அந்த வாசனை இந்த ஜென்மத்தில் போகாது. தாத்தா காலத்து, இருட்டில் ஒளிர்ந்த கடிகாரம் என்றால் தனி எச்சரிக்கை: 1960கள்வரை பல கடிகாரங்களின் எண்களில் ரேடியம் கலந்த பூச்சு இருந்தது. ஒளிர்வது நின்றுபோயிருக்கும், கதிரியக்கம் நின்றிருக்காது. அதைப் படுக்கையறையில் மூடிய பெட்டிக்குள் வைக்காமல் காற்றோட்டமான இடத்தில் வைக்க வேண்டும். எக்காரணத்துக்காகவும் மூடியைத் திறந்து டயலைத் துடைக்கக்கூடாது.

எத்தனை பத்திரமாக வைத்தாலும் எண்ணெய் ஒருநாள் வறளும். ஐந்து முதல் பத்து ஆண்டுக்குள் ஒரு சர்வீஸ் என்பது பொதுவான கணக்கு. நோட்டு வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கணக்கு தேவைப்படாது. சீராக ஓடிய நாள்விகிதம் சில மாதங்களில் தள்ளாடத் தொடங்கும், முழுச் சாவியில் 38 மணி நேரம் ஓடியது 30இல் நிற்கும். அப்போது கொடுத்தால் போதும்.

மாதக்கணக்கில் கிடந்த கடிகாரத்தை எடுக்கும்போது குலுக்கி எழுப்பக்கூடாது. சாவிக்குமிழைப் பத்துப் பன்னிரண்டு சுற்று மெதுவாகத் திருகினால் நொடி முள் தானே புறப்படும். பிறகு கையில் தடை தெரியும்வரை முழுச் சாவி. தடை தெரிந்த பிறகு ஒரு சுற்றுகூட வேண்டாம். தேதி காட்டும் கடிகாரமாக இருந்தால், முதலில் முட்களைக் காலை ஆறு மணிப் பக்கம் கொண்டுவந்துவிட்டே தேதியை மாற்ற வேண்டும். இரவு ஒன்பது முதல் விடியற்காலை மூன்றுவரை தேதிச் சக்கரத்தின் பற்கள் பூட்டிக்கொண்டிருக்கும். அந்த வேளையில் விரலால் தேதியைத் தள்ளி உடைந்த பற்களே பழுதுக் கடைகளின் நிரந்தர வருமானங்களில் ஒன்று. முள்ளை எப்போதும் முன்னோக்கித் திருப்பியே நேரம் வைப்பது பாதுகாப்பு. முதல் நாள் காட்டும் கணக்கை நோட்டில் ஏற்ற வேண்டாம். எண்ணெய் பரவி, வீச்சு நிலைகொள்ள ஒரு நாள் ஆகும். இரண்டாம் நாள் காலை, சாவி கொடுத்த கையோடு, புதிய பக்கத்தில் தேதி போட்டுத் தொடங்கலாம்.